ஒரு நிமிடம், ஓர் எழுத்து

கிள்ளானில் மேரு சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்புகளில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அவர்களில் கபிரியேலுக்கு மட்டும் 'டிக்ஷனரி அங்கிள்' என்று பட்டப்பெயர். பள்ளி விடும் வரை மற்றவர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவர் ஸ்டியரிங் மேல் ஆங்கிலப் பத்திரிகையை மடித்து வைத்து, அதில் வரும் எழுத்துக் கட்டத்தோடு மல்லுக்கு நிற்பார். மொத்தம் ஒன்பது எழுத்து. நடுவில் இருக்கும் எழுத்து, கண்டுபிடிக்கிற எல்லாச் சொல்லிலும் வந்தாக வேண்டும். முப்பது சொல் தேறினால் நன்று, நாற்பது தேறினால் மிக நன்று என்று பத்திரிகைக்காரன் அடியில் போட்டிருப்பான். கபிரியேல் நாற்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. பொருள் தெரியாத சொல்லை எழுதுவது திருட்டு என்பது அவர் கட்சி. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் பொருளும் இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, முப்பத்தொரு வருடம் போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, ஓய்வு பெற்றதும் வேன் வாங்கியவர். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடாமல் பிள்ளைகளை ஏற்றப் போனதில்லை. எந்தப் பிள்ளை எந்த வாசலில் நிற்கும், எந்தப் பிள்ளைக்குக் கார் நாற்றம் ஆகாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரே நம்பிய மனிதர்.

அவர் மனைவி வெரோனிகா படிப்பில் அவ்வளவு தூரம் போனவள் இல்லை. ஆனால் பரீட்சையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. கிள்ளான் டவுனில் ஒரு டியூஷன் சென்டரில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தாள். பழைய கேள்வித்தாள்களை நகலெடுத்து அடுக்குவதுதான் வேலை. அந்தப் பதினெட்டு வருடத்தில் அவள் கண்டுபிடித்த உண்மை ஒன்றே ஒன்று: கேள்விகள் மாறுவதில்லை, உட்காருகிற பிள்ளைகள்தான் மாறுகிறார்கள். மக்குப் பிள்ளை என்று தலையில் அடித்துக்கொண்ட தாய்மார்கள் எத்தனை பேர், பழைய தாளை மனப்பாடம் செய்ய வைத்து ஏ வாங்கியதும் கேக்கோடு வந்து நின்றிருக்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் நம்மில் பாதிப்பேர் கரை சேர்ந்தது அப்படித்தான். ஆனால் எதை மனப்பாடம் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் அடையாளம் அந்தக் கட்டத்தில்தான் தெரிந்தது. ஒருநாள் பழைய பத்திரிகைகளைக் கட்டிப் போடும்போது வெரோனிகா பார்த்தாள். நாற்பத்திரண்டு சொல் எழுதியிருந்தது, அழகான கையெழுத்து. ஆனால் எதுவும் அந்தக் கட்டத்தின் சொல் இல்லை. கீழே தலைகீழாக அச்சடித்திருந்த முந்தின நாள் விடையைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார். பொருள் எழுதும் இடம் காலி. அதற்கு முந்தின நாளும் அதே கதை. அவள் பத்திரிகைகளை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

பிறகு வேன் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்கப் போன இடத்தில், கிளினிக் டாக்டர் வீட்டு முகவரியை இரண்டு முறை கேட்டார். கபிரியேல் இரண்டு முறையும் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் முகவரியைச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தது ஓர் இளம் பெண். வெரோனிகாவைச் சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். எதை அறியத்தான் இந்தச் சோதனை என்று இருவருக்கும் பொறுமையாக விளக்கிவிட்டுத் தொடங்கினாள்.

"அங்கிள், தமிழா, இங்லீஷா?"

"இங்லீஷ்" என்றார் கபிரியேல், நெஞ்சை நிமிர்த்தி.

"ஓகே. நான் ஒரு லெட்டர் சொல்லுவேன். ஒன் மினிட்ல அந்த லெட்டர்ல ஆரம்பிக்கிற வேர்ட் எத்தன முடியுமோ அத்தன சொல்லணும். ஆள் பேரு, ஊர் பேரு வேணாம். எஃப்."

கபிரியேல் சிரித்தார். முப்பது வருடமாக எழுத்துக்களைத் தின்றுவந்த மனிதர், சிரிக்காமல் என்ன செய்வார். "ஃபிஷ்" என்றார். "ஃபாதர்" என்றார். மேலே பார்த்து "ஃபேன்" என்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி "ஃபிஷ்" என்றார். பிறகு சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது, பின்னால் ஒன்றும் வரவில்லை. மேசை மேலிருந்த கடிகாரத்தின் முள் அரை வட்டம் போனது. "என்ன லெட்டர் சொன்னீங்க, மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார்.

 அந்த நிமிடத்தில் வெரோனிகா அழுதிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கணவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் கேள்வித்தாளை மனதில் குறித்துக்கொண்டிருந்தாள். எஃப், அடுத்து ஏ, அடுத்து எஸ். ஞாபகம் வைத்துச் சொல்ல ஐந்து சொல். பதினொன்றே கால் காட்டும் கடிகாரம் வரைய வேண்டும். இன்றைய தேதி, கிழமை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். பக்கத்துத் தெருக் குகன், அவனும் வேன்காரன், பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். கபிரியேல் தினமும் விடிகாலை ஐந்தரைக்கே குளித்து பெல்ட் போட்டு வாசலில் நின்றார். "குகன் ஏன் லா என் பிள்ளைங்கள ஏத்துறான்?" என்று கேட்டார். சொன்னால் புரிந்துகொள்வார், முகம் சுண்டிப்போகும், உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் அதே நேரம், அதே கேள்வி. ஒரு வாரத்தில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தார். அவளால் அதைத்தான் பார்க்க முடியவில்லை. வண்டி போனால் மனிதரும் போய்விடுவார் என்று நிச்சயமாக நம்பினாள். அந்த நம்பிக்கையில் அன்பு இருந்தது, பயம் இருந்தது, கொஞ்சம் திமிரும் இருந்தது. பேத்தி வயதுப் பெண் ஒரு நிமிடத்தில் ஒரு மனிதரை எடை போடுவதா என்ற திமிர்.

ஆக, அவள் நோட்டுப் புத்தகம் வாங்கினாள். டியூஷன் சென்டர் முறைப்படி கோடு போட்டாள். இடது பக்கம் சொல், வலது பக்கம் தமிழில் பொருள். எழுத்துக்கு இருபது சொல். பொருள் தெரியாமல் கபிரியேல் எதையும் வாயில் போடமாட்டார் என்று தெரிந்துதான் பொருளையும் எழுதினாள். அகராதியை விரித்து வைத்துக்கொண்டு அவள் எடுத்த சொற்கள் ஏனோ நல்ல சொற்களாக அமையவில்லை. ஃபேமின், பஞ்சம். ஃபாக், மூடுபனி. ஃபெய்ன்ட், மயக்கம். ஃபெட்டர், கால் விலங்கு. ஃபாதம், ஆழம் பார்ப்பது. ஏ வரிசையில் ஆஷ், சாம்பல், ஆங்கர், நங்கூரம், அபிஸ், அடி தெரியாத பள்ளம். எஸ் வரிசையில் ஷேடோ, நிழல், ஸைலன்ஸ், மௌனம், ஸ்ட்ரேஞ்சர், முன்பின் தெரியாதவர்.

"ஃபேமின்?"

"பஞ்சம்."

"ஃபெட்டர்?"

"கால் வெலங்கு. ரயில்வேல கூலிங்களுக்குப் போட்டாங்கன்னு எங்கப்பா சொல்வாரு."

கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. சாப்பிட ஆரம்பித்தார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மூன்று வாரத்தில் அறுபது சொல்லும் வரிசை தப்பாமல் கடகடவென்று வந்தன. பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று ஒப்பிப்பார். ஜெபமாலை சொல்லும்போது இடையில் ஃபாக், ஃபெய்ன்ட் என்று நுழைத்துவிடுவார், அவள் தொடையில் தட்டித் திருப்புவாள். ஒருநாள் மத்தியானம் அறுபதையும் பொருளோடு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "வெரோ, இந்த வீடு யாருது?" என்றார்.

"நம்ம வீடுதாங்க."

"நல்லாருக்கு" என்றார்.

அவள் நோட்டை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சற்று நேரம் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றாள்.

இரண்டாம் பரிசோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, தன் காரின் சாவியை அவளாகவே அவர் கையில் கொடுத்தாள். காய்கறி வாங்கப் பாசாருக்குத்தானே, பத்து நிமிடம் என்று சமாதானம் செய்துகொண்டாள். அவர் ஓட்டிய அழகைப் பார்த்தால் குறை சொல்ல வழியில்லை. சிக்னல் போட்டார், கண்ணாடி பார்த்தார், மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட்டார். பாசார் வந்தது. பாசாரைத் தாண்டிப் போனார். "என்னங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. ஆற்றுப் பாலம் ஏறி இறங்கி, துறைமுகத்துக் கொண்டேனர் லோரிகளுக்கு நடுவில் புகுந்து, போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார். காவலாளி வெளியே வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டான்.

கபிரியேல் சட்டைப்பையைத் தடவினார். "என் பாஸ் கார்டு எங்க வெரோ? லேட்டாச்சு லா. சூப்பர்வைசர் கத்துவான்."

"இன்னிக்கு லீவுங்க" என்றாள் வெரோனிகா. 

"லீவா? அட" என்று வண்டியைத் திருப்பினார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் தாமாகவே சிரித்தார். "பழக்க தோஷம்."

பழக்க தோஷம்தான் என்று அவளும் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் போன பாதை, கால் போய்விட்டது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பூட்டிய அந்தக் கேட்டும் அதற்கு முன்னால் பொறுமையாகக் காத்திருந்த அவர் முதுகும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பரிசோதனை நாளன்று காரில் போகும்போதே தேதியையும் கிழமையையும் பத்து முறை சொல்ல வைத்தாள். அதே அறை, அதே பெண், அதே தாள். கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது. ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொல்லும் தப்பாமல் வந்தன. "எஃப்" என்றாள் அந்தப் பெண். கபிரியேல் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். அறை முழுக்கப் பஞ்சமும் மூடுபனியும் மயக்கமும் விலங்குமாக வந்து விழுந்தன. நாற்பது வினாடியில் இருபது. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெரோனிகாவைப் பார்த்தாள்.

"அங்கிள் வீட்ல பிராக்டிஸ் பண்ணாங்களா, ஆன்டி?"

"பேப்பர்ல பஸில் போடுவாரு" என்றாள் வெரோனிகா. அதில் பொய் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவசரப்படாத மனிதர். "டெஸ்ட் நல்லா வந்திருக்கு. ஆனா டெஸ்ட்ட மட்டும் பார்த்து நான் லெட்டர் எழுதமாட்டேன். கூட இருக்கிறவங்க சொல்றதுதான் எனக்கு முக்கியம். வீட்ல எப்படி, ஆன்டி? வழி மறக்குறாரா? ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

கேட் அவள் கண்முன் வந்து நின்றது. 'இந்த வீடு யாருது' என்ற குரலும் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கபிரியேல் கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையனைப் போல இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்காரு."

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் ஒன்பது நாள் வெரோனிகாவும் வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். எந்த வாசல், எந்தத் திருப்பம் என்று அவர் கேட்காமலே பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினொரு பிள்ளைகள். கடைசி வாசலில் ஏறுவது ஃபர்ஹானா, ஒன்றாம் வகுப்பு, ஃபோன் கடை வைத்திருக்கும் ஹாஜிராவின் ஒரே மகள். ஏறியதும் பின் சீட்டின் மூலையில் சுருண்டு தூங்கிவிடும். இறங்கும்போது பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். ஒன்பது நாளும் வெரோனிகாதான் எழுப்பினாள். ஒன்பது நாளில் ஒரு தவறும் நடக்கவில்லை. கபிரியேல் விசில் அடித்தபடி ஓட்டினார். பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது.

"நீ படு லா. நான் என்ன சின்னப்புள்ளையா?" என்றார். அவரை நம்ப ஆசையாக இருந்தது. நம்பினாள்.

எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார். வேனை வாசலில் வெயிலில் நிறுத்தி, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துப் பூட்டினார். பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தார். "எல்லாரையும் விட்டாச்சா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள். "எல்லாம் விட்டாச்சு" என்று பதில் வந்தது. அவள் கண்ணை மூடினாள்.

எட்டே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. ஹாஜிரா.

"ஆன்டி, ஃபர்ஹானா இன்னும் வரலேன்னு டீச்சர் மெசேஜ் போட்டிருக்காங்க. ரோட்ல ஜாமா?"

வெரோனிகா எழுந்து முன்கட்டுக்கு வந்தாள். "ஏங்க, ஃபர்ஹானாவ எங்க எறக்குனீங்க?"

கபிரியேல் கட்டத்திலிருந்து தலையைத் தூக்கினார். "எந்த ஃபர்ஹானா?"

சாவி எங்கே இருந்தது, எப்படி எடுத்தாள், செருப்பு போட்டாளா இல்லையா, அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. வேன் கதவின் இரும்பு கையைச் சுட்டது. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தது போல வெக்கை முகத்தில் அடித்தது. பின் சீட்டு காலியாக இருந்தது. ஒரு கணம் உயிர் வந்தது. பிறகுதான் கீழே பார்த்தாள். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில், நிழல் இருந்த ஒரு முழ இடத்தில் பிள்ளை முகங்குப்புறக் கிடந்தது. தலைத்துணி நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் சின்னக் கை அடித்த வியர்வைத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

தூக்கினாள். தூக்கியபோது பிள்ளை முனகியது. அந்த முனகலைக் கேட்டுத்தான் வெரோனிகா அலறினாள்.

எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கால், கை, கழுத்து என்று நனைத்துக்கொண்டே இருந்தாள். ஃபர்ஹானா கண்ணைத் திறந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்தது. இன்னொரு வாய் குடித்தது, அது உள்ளே நின்றது. கபிரியேல் கதவருகில் வந்து நின்றார். பார்த்தார். உண்மையான இரக்கத்தோடு பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த பத்திரிகையால் பிள்ளைக்கு விசிற ஆரம்பித்தார்.

"பாவம். யார் பிள்ள வெரோ இது? யாரு இப்படிப் போட்டுட்டுப் போனாங்க?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஹாஜிரா வந்துவிட்டாள். ஃபோனில் வெரோனிகாவின் அலறலைக் கேட்டதும் கடையைப் பாதி மூடியபடி விட்டு ஓடி வந்தவள். குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து மகளை வாங்கிக்கொண்டாள். "உம்மா" என்று அம்மாவைக் கூப்பிட்டது ஃபர்ஹானா.   ஹாஜிரா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு, விசிறிக்கொண்டிருந்த கபிரியேலை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து, அந்நியரிடம் சிரிப்பது போல மரியாதையாகச் சிரித்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அங்கிளுக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னுதானே சொன்னீங்க. டாக்டர் லெட்டர் குடுத்தாருன்னு காட்டுனீங்க. எப்படி ஆன்டி குடுத்தாரு?"

வெரோனிகாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. பரிசோதனையில் அவர் தேறினார், ஒன்பது நாள் ஒழுங்காக ஓட்டினார், எனக்குக் காய்ச்சல். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"கேள்வி எனக்குத் தெரியும். அவருக்கு மனப்பாடம் பண்ணிக் குடுத்தேன்" என்றாள். "வீட்ல எப்படின்னு டாக்டர் கேட்டாரு. நல்லா இருக்காருன்னு சொன்னேன்."

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கபிரியேல் விசிறுவதை நிறுத்தவில்லை. ஹாஜிரா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"அங்கிளுக்குத் தெரியாது, ஆன்டி. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றாள் வெரோனிகா.